ஒரு மீட்டர் வாசல்

காப்ரித் தீவின் நீலக் குகைக்குள் போக வாங்கும் சீட்டில் இரண்டு தொகைகள் சேர்ந்திருக்கும். ஒன்று இத்தாலிய அரசுக்குப் போகும் நுழைவுக் கட்டணம், மற்றது படகுக் கூலி. இரண்டில் கூலிதான் பெரிது. சீட்டுக் கொடுக்கும் இடமும் கரையில் இல்லை. குகைக்கு எதிரே கடலில் மிதக்கும் ஒரு படகுதான் அலுவலகம். விடுமுறைக்கு வருகிறவர்கள் மரீனா கிராண்டே துறையில் விசைப்படகு ஏறி, தீவின் வடகரையை ஒட்டியே வந்து, அங்கே சின்னத் துடுப்புப் படகுகளுக்கு மாறுகிறார்கள். ஒரு படகில் மூன்று பேர், மிஞ்சினால் நான்கு பேர். குகையின் வாசல் இரண்டு மீட்டர் அகலம். கடல் வற்றி நிற்கும்போது நீருக்கு மேல் அதன் உயரம் ஒரு மீட்டர் அளவுதான். ஆகவே வந்தவர்கள் எல்லோரும் படகின் அடியில் மல்லாந்து படுக்க வேண்டும். படகுக்காரர் துடுப்புகளை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு, வாசல் பாறையில் அடித்திருக்கும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அலையைப் பார்த்திருப்பார். ஓர் அலை ஏறும், விட்டுவிடுவார். அடுத்தது ஏறி இறங்கும்போது சங்கிலியை வெட்டி இழுத்து, தானும் பயணிகள்மீது மல்லாந்து சாய்வார். பாறை மூக்கை உரசாத குறையாக மேலே ஓடி மறையும். உள்ளே 60 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் உள்ள கூடம். அடியிலிருந்து விளக்கேற்றியதுபோல் நீலமாக ஒளிரும் தண்ணீர். ஐந்து நிமிடம் வட்டமடித்துவிட்டு அதே சங்கிலியைப் பிடித்து வெளியே வந்துவிடுவார்கள்.

இந்தச் சவாரியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். இது பழைய மீனவ வாழ்வின் மிச்சம், எஞ்சின் வந்த பிறகும் துடுப்பைக் கீழே வைக்காத கடைசிக் கடலோடிகளின் பிடிவாதம் என்பது ஒரு பக்கம். இது வெளியூர்க்காரனை மொட்டையடிக்கும் வியாபாரம், காத்திருப்பது ஒரு மணி நேரம், பார்ப்பது ஐந்து நிமிடம், போதாததற்கு இனாம் வேறு என்பது மறுபக்கம். ஒருவர் புகழ, மற்றவர் ஏச, இருவரும் ஒரே எண்ணத்தில் நின்றுதான் பேசுகிறார்கள். உண்மையான தொழில் என்றால் அது சுற்றுலாவுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும், சுற்றுலாவுக்காகப் பிறந்தது வேஷம் என்பது அந்த எண்ணம். காப்ரியில் கிடைக்கும் சான்றுகள் இதற்கு இடம் கொடுக்கவில்லை. வந்தவரைப் படகில் ஏற்றிக் கரையோரம் தண்டு வலித்துப் போய்க் குகை காட்டும் தொழில் அங்கே சுற்றுலாவோடு கூடப் பிறந்தது. அதற்கு முன் இல்லை. பிறந்து ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆகின்றன. அதன் கூலி, படகின் அளவு, காத்திருக்கும் வரிசை, பாட்டு, பேரம் எல்லாவற்றையும் வகுத்தது மரபு என்பதைவிட அந்த ஒரு மீட்டர் உயரமுள்ள வாசல் என்பதே பொருந்தும்.

1826க்கு முன்னால் காப்ரிக்கு உல்லாசமாகப் போனவர்கள் மிகச் சிலரே. ஐரோப்பியப் பெரிய வீட்டுப் பிள்ளைகளின் இத்தாலியப் பயணம் நேப்பிள்ஸ், பொம்பெய், வெசூவியஸ் என்று போய்த் திரும்பிவிடும். விரிகுடாவின் தெற்கு விளிம்பில், பத்துச் சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய அந்தச் சுண்ணாம்புப் பாறைத் தீவு அவர்களுக்குத் தொலைவில் தெரியும் ஒரு கோடு. 1787இல் சிசிலியிலிருந்து கப்பலில் திரும்பிய கதே காப்ரியை மிக நெருங்கி வந்தார். காற்று விழுந்து கப்பல் பாறைகளை நோக்கி இழுபட்டதால் வந்த நெருக்கம் அது. தப்பினால் போதும் என்று போய்விட்டார். அதன்பின் நெப்போலியன் காலப் போர்கள். 1806இல் தீவைப் பிடித்த பிரிட்டிஷ் படைக்கு ஹட்சன் லோ தலைவர். பிற்பாடு செயின்ட் ஹெலினாவில் நெப்போலியனுக்குக் காவலராக இருந்தவர் இவரேதான். 1808இல் நேப்பிள்ஸ் மன்னர் முராவின் படைகள் தீவை அவரிடமிருந்து பறித்தன. 1815இல் போர்கள் ஓய்ந்த பிறகே தெற்குக் கடல்களில் வெளிநாட்டார் அச்சமின்றித் திரியத் தொடங்கினார்கள். அந்நாளில் தீவாருக்குச் சோறு போட்டவை மீன், திராட்சை, ஒலிவ எண்ணெய், பவளம், காடை. கடல் தாண்டி வந்து களைத்து விழும் காடைகளை வலைபோட்டுப் பிடிப்பார்கள். அந்த வருமானத்தில் காலம் தள்ளிய காப்ரி பிஷப்புக்குக் ‘காடை பிஷப்’ என்றே பெயர். பவளம் எடுக்கப் போகும் ஆண்கள் கோடை முழுவதும் ஆப்பிரிக்கக் கரைப்பக்கம் கிடப்பார்கள். ஆக, இன்று பயணிகள் குவியும் மாதங்களில் அன்று தண்டு வலிக்கும் கைகளில் ஒரு பகுதி ஊரிலேயே இல்லை. படகு இருந்தது, துடுப்பு இருந்தது, கடலறிவு இருந்தது. ஒருவரை ஏற்றிக்கொண்டு போய் எதையாவது ‘காட்டுவது’ என்ற காரியம் மட்டும் இல்லை. பழைய மீனவ வாழ்வின் மிச்சம் என்ற கூற்று இந்த இடத்திலேயே தட்டுப்படுகிறது. மீனவரின் உடம்பில் இருந்த திறமை பழையது. அதற்கு விலை வைத்த தொழில் புதிது.

குகையும் அப்போது தெரியாத இடமாக இருக்கவில்லை. பக்கத்திலிருந்த கரையிறங்கும் இடத்தின் பெயரால் அதைக் கிராடோலா என்று அழைத்தார்கள். பேய் குடியிருக்கிறது என்று மீனவர்கள் ஒதுங்கிப் போனார்கள். எப்போதோ பாதிரியார் இருவர் நீந்தி உள்ளே போய், அரண்டு திரும்பினார்கள் என்ற ஊர்க்கதையும் உண்டு. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நேப்பிள்ஸ் வரலாற்றாசிரியர் கப்பாச்சோ அதைப் பற்றி எழுதியிருக்கிறார். இன்னும் பின்னால் போனால் ரோமானியர். கி.பி. 27 முதல் 37 வரை திபேரியஸ் பேரரசை இந்தத் தீவிலிருந்துதான் ஆண்டார். குகைக்கு மேலே மலைச்சரிவில் கிராடோலா மாளிகையின் இடிபாடுகள் இன்றும் கிடக்கின்றன. 1964இல் குகையின் அடித்தரையிலிருந்து கடல்தெய்வங்களின் பளிங்குச் சிலைகள் எடுக்கப்பட்டன. இப்போது அவை தீவின் ஆனகாப்ரி ஊரிலுள்ள ‘சிவப்பு வீடு’ அருங்காட்சியகத்தில், கடல் பூச்சிகள் அரித்த உடம்போடு நிற்கின்றன. சக்கரவர்த்தியின் நீராடு மண்டபமாக இருந்த இடத்தை 19ஆம் நூற்றாண்டில் ஒருவர் ‘கண்டுபிடித்தார்’ என்றால், அந்தச் சொல்லைச் சற்றுத் தள்ளி வைத்துத்தான் படிக்க வேண்டும்.

அந்த ஒருவர் பிரெஸ்லவ் நகரத்து ஓவியரும் கவிஞருமான ஆகஸ்ட் கோபிஷ். 1826 ஆகஸ்டில், நண்பரான ஹைடல்பெர்க் ஓவியர் எர்ன்ஸ்ட் ஃப்ரீஸுடன் காப்ரியில் ஜுசெப்பே பகானோவின் வீட்டில் தங்கியிருந்தார். பகானோ ஊர் நோட்டரி. பயணிகளுக்கு அறை கொடுப்பவரும் அவரே. குகையைப் பற்றிப் பேச்செடுத்தவர் பகானோ. கூட்டிப் போனவர் ஆஞ்சலோ ஃபெராரோ என்ற படகுக்காரர். கோபிஷ் எழுதிய விவரத்தையே சாட்சியாக வைத்துப் பார்க்கலாம். வாசலில் ஃபெராரோ ஒரு சின்ன மரத்தொட்டியில் நெருப்பை ஏற்றி, தண்ணீரில் தன் முன்னால் தள்ளிக்கொண்டு முதலில் உள்ளே போகிறார். அந்த வெளிச்சத்தைப் பின்பற்றித்தான் ஓவியர்கள் நீந்துகிறார்கள். பேய்ப் பயத்தை உடைத்த அந்தச் சில நிமிடங்களில் வேலைப் பங்கீடு தெளிவாகவே இருக்கிறது: ஊர்க்காரர் ஒருவர் செய்தி சொல்கிறார், இன்னொருவர் விளக்கோடு முன்னே போகிறார், வெளியூர்க்காரர் பார்க்கிறார். வழிகாட்டியோடு கூடிய கரையோரப் படகுச் சுற்றுலா ஒன்றுக்கு வேண்டிய உறுப்புகள் எல்லாம் இதில் அடக்கம். தங்குமிடமும் அதில் சேர்த்தி. ஃபெராரோ அதற்குச் சில ஆண்டுகள் முன்பே உள்ளே போயிருந்தார் என்ற பேச்சும் ஊரில் உண்டு. அது மெய்யானாலும் பொய்யானாலும் பங்கீடு மாறாது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். ஃபெராரோ போன்றவர்கள் ஆயிரம் முறை உள்ளே போய் வந்திருந்தாலும் உலகுக்குத் தெரிந்திருக்காது. கோபிஷ் முதலில் பகானோவின் விருந்தினர் ஏட்டிலும் 1838இல் அச்சிலும் எழுதியதால்தானே கூட்டம் வந்தது? சரிதான். 1834இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் வந்து பார்த்தார். அடுத்த ஆண்டே வெளியான அவருடைய முதல் பெரிய நாவலில் இந்தக் குகை முக்கியமான களமானது. 1842இல் கோபன்ஹேகனில் அரங்கேறிய பூர்னோன்வில்லின் ‘நாப்போலி’ பாலேயின் இரண்டாம் அங்கம் குகைக்குள்ளேயே நடக்கிறது. காப்ரியைக் கண்ணால் பார்க்காத வட ஐரோப்பியருக்கும் அதன் நீலம் பழக்கமாகிவிட்டது. எழுத்து இல்லாமல் இது நடந்திருக்காது. ஆனால் எழுத்து வாசகரைக் கொண்டுவந்து விடுவது மரீனா கிராண்டே துறை வரைக்கும்தான். வெசூவியஸில் ஏற ஒரு கோவேறு கழுதை போதும், பொம்பெயில் கையில் புத்தகம் இருந்தால் தனியாகவே திரியலாம். இந்தக் குகைக்கோ, பெடெக்கர் கையேட்டை மனப்பாடம் செய்தவரும் ஒரு படகுக்காரரின் கையில் தன்னை முழுவதுமாக ஒப்படைத்து மல்லாந்து படுத்தாக வேண்டும். படித்தவர் படுத்திருக்க, படிக்காதவர் கொண்டுபோகும் இந்த ஏற்பாட்டில் யார் எதை உண்டாக்கினார் என்பதை நூல்களின் பட்டியலை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது. 1904இல் குகையைப் பற்றிய எழுத்துகளுக்கென்றே நார்மன் டக்ளஸ் தனி நூல் போட்டார். படகுக்காரருக்கு அப்படி ஒன்றும் வாய்க்கவில்லை. காப்ரியில் வழி தெரிந்தவனுக்குக் கிடைத்த முதல் இலக்கியக் குறிப்பே அவ்வளவு நல்லதில்லை. ரோமானிய வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் சொல்வது: திபேரியஸ் தீவுக்கு வந்த புதிதில், ஒரு மீனவன் பெரிய மீனொன்றைக் காணிக்கையாக எடுத்துக்கொண்டு, வழியே இல்லாத பாறைகளில் ஏறி அவர் முன் வந்து நின்றான். இப்படி ஒருவன் வர முடிகிறதே என்று அரண்ட மன்னர், அந்த மீனாலேயே அவன் முகத்தைத் தேய்க்கச் சொன்னார். பிடித்து வைத்திருந்த நண்டையும் கொண்டுவராமல் போனேனே, நல்லவேளை என்று அவன் வாய்விட, நண்டும் வரவழைக்கப்பட்டது.

இனி வாசலுக்கு வருவோம். குகையின் நீலத்துக்குக் காரணம் வாசலுக்குக் கீழே, தண்ணீருக்குள் இருக்கும் இன்னொரு திறப்பு. மேலே தெரியும் துவாரத்தைவிட அது பல மடங்கு பெரிது. வெயில் கடலுக்குள் இறங்கி அந்தக் கீழ்த் திறப்பு வழியாக உள்ளே ஏறுகிறது. வரும் வழியில் தண்ணீர் சிவப்பை உறிஞ்சிக்கொண்டு நீலத்தை விடுகிறது. உள்ளே கையை நனைத்தால் தோலில் ஒட்டும் நுண்ணிய காற்றுக் குமிழிகள் வெளிச்சத்தைத் திருப்பி அடித்து, கை வெள்ளியாகிவிடும். இத்தனையும் தெரிவதற்கு உள்ளே இருட்டு வேண்டும். மேல் வாசல் சின்னதாக இருப்பதால்தான் வெளிப்பகலின் வெள்ளை வெளிச்சம் கொஞ்சமாக நுழைகிறது. பாறையைக் கொஞ்சம் வெட்டி வாசலை உயர்த்தினால் பெரிய படகு போகலாமே என்ற யோசனை யாருக்கும் தோன்றும். வெட்டினால் படகு போகும், ஆனால் பார்ப்பதற்கு நீலம் மிஞ்சாது. ஆகவே வாசலின் குறுகலும் குகையின் அழகும் ஒன்றுக்கொன்று கட்டுண்டவை. வாசல் குறுகியிருக்கும் வரை படகு சிறிதாகவே இருக்க வேண்டும், பக்கவாட்டம் தாழ்ந்திருக்க வேண்டும், எஞ்சினோ பாய்மரமோ கூடாது, துடுப்பை ஒரு நொடியில் உள்ளே இழுக்க முடிய வேண்டும், ஆள் நான்குக்கு மேல் ஏறக் கூடாது. தொழிலின் விதிகளை ஒரு சங்கமோ நகராட்சியோ எழுதுவதற்கு முன்பே சுண்ணாம்புப் பாறை எழுதி வைத்துவிட்டது.

பாறை எழுதினாலும் எல்லாக் காலத்துக்கும் ஒரே மாதிரி எழுதவில்லை. ரோமானியர் காலத்துக்குப் பிறகு, கடல்மட்டத்தோடு ஒப்பிட, இந்தக் கரை தாழ்ந்திருக்கிறது. சக்கரவர்த்தியின் ஆட்கள் பளிங்குச் சிலைகளை உள்ளே கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்றால், ஒவ்வொருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து படுத்துப் போயிருக்க மாட்டார்கள். உள்ளே அவர்கள் கட்டிய மேடை இன்னும் இருக்கிறது. அந்நாள் அடிமைகளுக்கு வேண்டியிருந்த திறமையும் ஃபெராரோவுக்கு வேண்டியிருந்த திறமையும் ஒன்றல்ல. அலை இறங்கும் கணத்தைப் பார்த்து நுழையும் வித்தை, தரை தாழ்ந்ததால் பிறந்த வித்தை. திபேரியஸ் காலத்துத் தொடர்ச்சி என்று சுற்றுலாத் துண்டறிக்கைகள் பாடுவது இதனாலும் நிற்காது.

19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் குகைக்குள் நுழைவது சவாரியின் கடைசிக் கட்டம் மட்டுமே. மரீனா கிராண்டேயிலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் வடகரையோரம் தண்டு வலிக்க வேண்டும், திரும்பவும் அதே தூரம். வழியில் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் ரோமானியச் சுவர்கள், ‘திபேரியஸ் நீராடிய இடம்’ என்று கை காட்டப்படும் இடிபாடுகள், அதைத் தாண்டியதும் ஆனகாப்ரியைத் தாங்கி நிற்கும் செங்குத்துப் பாறை. விரும்பினவர்கள் தீவை முழுதும் சுற்றி வரலாம். மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். பச்சைக் குகை, வெள்ளைக் குகை, தென்கிழக்கே கடலில் நிமிர்ந்து நிற்கும் ஃபரல்யோனிப் பாறைகள் எல்லாம் அந்தச் சுற்றில் வரும். அன்றையப் படகுக்காரர் உண்மையிலேயே வழிகாட்டி. எந்தப் பாறையின் நிழல் எப்போது எங்கே விழும், வடமேற்குக் காற்று கிளம்பினால் எந்த ஒதுக்கில் ஒதுங்கலாம், காலையில் எந்நேரம் குகையின் நீலம் கூடும் என்பதெல்லாம் அவர் விற்ற சரக்கில் சேர்த்தி. கூலித் தகராறு மிகுந்து, கையேடுகள் படகுக் கட்டணங்களை அச்சிட ஆரம்பித்தன. பெடெக்கர் இந்த விஷயத்தில் கறாரான கணக்கப்பிள்ளை. தண்ணீரில் குதித்து உடம்பை வெள்ளியாக்கிக் காட்டிக் காசு கேட்கும் பையன்களும் அந்தக் காலத்து ஏற்பாட்டில் ஓர் அங்கம். இன்று பயண நேரங்களில் குகைக்குள் யாரும் நீந்தக் கூடாது.

1867இல் வந்த மார்க் ட்வைன் வாசலின் சிறுமையையும், படகின் அடியில் படுத்தால்தான் நுழைய முடியும் என்பதையும், நனைந்த துடுப்பு வெள்ளியாவதையும் தன் பயண நூலில் எழுதியிருக்கிறார். எதையும் கேலி செய்யாமல் விடாத அந்தப் பேனா இந்த நீலத்தின் முன் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. நமக்கு அதில் முக்கியமானது வேறு. கோபிஷ் நீந்திப் போய் 41 ஆண்டுகளே ஆன அந்த நேரத்தில் நுழைவு முறை முழுதாகத் திரண்டுவிட்டது. அன்று ட்வைன் செய்ததற்கும் இன்றையப் பயணி செய்வதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. தீவிலோ எல்லாம் மாறின. துறையிலிருந்து ஊருக்கு 1907இல் மலைரயில் வந்தது. தலைச்சுமையாகப் பெட்டி தூக்கிய பெண்களின் பிழைப்பு அதோடு சுருங்கியது. நேப்பிள்ஸிலிருந்து வந்த நீராவிக் கப்பல்கள் நேரே குகைக்கு எதிரே வந்து நிற்க, பயணிகள் அங்கேயே சின்னப் படகுகளில் இறங்கினார்கள். பின்னால் விசைப்படகுகள் வந்தன. மூன்று கிலோமீட்டர் தண்டு வலித்த தொழிலுக்கு மிஞ்சியது கடைசிச் சில பத்து மீட்டர்தான். ஆனாலும் அந்தச் சில பத்து மீட்டரை எந்த எஞ்சினாலும் பறிக்க முடியவில்லை.

துடுப்பு நீடித்ததற்கு மரபுப்பற்று காரணம் என்பவர்களுக்கு அதே தீவில் ஒரு மறுப்பு நிற்கிறது. ஃபரல்யோனிப் பாறைகளில் நடுவில் நிற்பதன் அடியைக் கடல் குடைந்து இயற்கையான வளைவொன்றை ஆக்கியிருக்கிறது. அதன் வழியாகப் படகில் போவது காப்ரிச் சுற்றின் இன்னொரு கட்டாயக் காட்சி. 19ஆம் நூற்றாண்டில் அதையும் துடுப்பால்தான் கடந்தார்கள். வளைவு விசைப்படகு தாராளமாக நுழையும் அளவு உயரமானது. எஞ்சின் வந்ததும் துடுப்பு அங்கிருந்து சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. தீவும் கடலும் வேறில்லை, தண்டு வலித்தவர்களும் அதே ஊர்க்காரர்கள். வேறுபட்டது வாசலின் உயரம் ஒன்றுதான். மரபு தன் பலத்தில் தொழிலைக் காப்பாற்றியிருந்தால் இரண்டு இடத்திலும் காப்பாற்றியிருக்கும். படகுக்காரர்கள் மற்ற எந்த உழைப்பாளியையும் போல, எஞ்சின் உதவும் இடத்தில் எஞ்சினை எடுத்துக்கொண்டார்கள். அவர்களை அருங்காட்சியகப் பொருளாக்கிப் புகழ்கிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம்.

மறுபக்கத்தாரின் மோசடிக் குற்றச்சாட்டுக்கும் வாசலிலேயே பதில் இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு இவ்வளவா என்று கேட்பவர் குகைக்குள் இருந்த நேரத்தை மட்டும் கணக்கிடுகிறார். வாசல் ஒற்றைப் பாதை, ஒரு படகு வெளியே வந்தால்தான் இன்னொன்று போகலாம். ஒரு படகுக்கு நான்கு பேர் என்றால், வெளியே கப்பல் கப்பலாக வந்து இறங்கும் கூட்டத்தை எப்படிப் பங்கு போட்டாலும் ஒருவருக்குச் சில நிமிடத்துக்கு மேல் வராது. கடல் சற்றே எழும்பினால் குகை மூடப்படும். அலை தணியும் என்று நம்பி வந்து படகிலேயே உட்கார்ந்து திரும்புகிற நாட்களுக்கும், காற்று விடாத குளிர்கால வாரங்களுக்கும் சேர்த்துத்தான் திறந்திருக்கும் நாளின் கூலி அமைய முடியும். இது கடல்தொழிலுக்கே உரிய கணக்கு, மீனுக்குப் போகிறவர் போடுவதும் இதே கணக்குத்தான். இனாமுக்காகக் கெஞ்சுவதையும் அதட்டுவதையும் இதனால் நியாயப்படுத்திவிட முடியாது. அந்தப் புகார்கள் எந்தக் காலத்திலும் இருந்திருக்கின்றன, பலவும் உண்மையாகவே இருக்கும். ஆனால் நேரம் குறைவாக இருப்பதும் வரிசை நீள்வதும் பேராசையின் அடையாளங்கள் அல்ல. தொழிலில் ஒருவர்கூடப் பேராசைப்படாவிட்டாலும் அவை அப்படியேதான் இருக்கும்.

பாட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். குகைக்குள் படகுக்காரர்கள் குரலெடுத்துப் பாடுவதைக் காலங்காலமான வழக்கம் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே அதிகம் கேட்கும் ‘ஓ சோலே மியோ’ 1898இல் பிறந்த பாட்டு. சவாரித் தொழில் அப்போதே ஏழு பத்தாண்டுகளைத் தாண்டியிருந்தது. கல் கூரையில் மோதித் திரும்பும் எதிரொலியில் சுமாரான குரலும் கச்சேரிக் குரலாகிவிடும் என்பது உண்மை. ஆனால் பாட்டு ஓங்கியதற்கு நான் காணும் காரணம் தூரம் சுருங்கியது. மூன்று கிலோமீட்டர் கூடவே வந்தபோது படகுக்காரரிடம் சொல்வதற்குக் கரை முழுவதும் கதை இருந்தது. ஐந்து நிமிடமாகச் சுருங்கியதும், பத்து மொழி பேசும் பயணிகளுக்கு எந்த மொழியிலும் முடிக்கக்கூடிய ஒரே காரியம் பாட்டாகிவிட்டது. வழிகாட்டி பாடகராக மாறியது வேஷம் போட்டதாகாது. வேலையின் பெரும்பகுதியை எஞ்சின் எடுத்துக்கொண்ட பிறகு, மீதியிருந்த நேரத்தில் அவர் செய்துகொண்ட ஏற்பாடு அது.

குகையின் நீலத்தை ஊருக்கே கொண்டுவந்துவிடலாம் என்று முயன்றவரும் உண்டு. பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக், 1870களில் லிண்டர்ஹோஃப் அரண்மனைத் தோட்டத்தில் செயற்கைக் குகை ஒன்று கட்டினார். வாக்னரின் இசைநாடகக் காட்சி ஒரு தூண்டுதல், காப்ரியின் நீலம் இன்னொன்று. மின்சாரம் அப்போது கைக்குழந்தை. டைனமோக்களை நிறுவி வண்ணக் கண்ணாடிகள் வழியாக ஒளிபாய்ச்சியும் நீலம் சரியாக வரவில்லை என்று மன்னருக்குக் குறை. காப்ரிக்குப் போய் அசல் நிறத்தைப் பார்த்து வா என்று தன் குதிரைலாயத் தலைவர் ஹோர்னிக்கை அனுப்பினார், ஒருமுறைக்கு இருமுறை. இவ்வளவு செலவழித்துச் செய்த நகலில், கதவு மன்னர் விரும்பும் உயரம், அலை அவர் சொல்லும் அளவு. அந்தக் குளத்தில் சிப்பி வடிவப் படகொன்றை மிதக்கவிட்டு அவரைத் துடுப்பு போட்டுச் சுற்றவும் வைத்தார்கள். ஆனால் அங்கே துடுப்பு போடத் தோள்பலம் இருந்தால் போதும். கற்றுத் தேற வேண்டியது எதுவும் இல்லை. அசல் குகையில் கூலி எதற்கு என்பதை லிண்டர்ஹோஃபின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும்.

கடைசியாக ஓர் ஆட்சேபம் மீதி இருக்கிறது, எல்லாவற்றிலும் கனமானது இதுவே. எல்லாம் வாசலின் வேலை என்றால் படகுக்காரரின் பங்கு என்ன. அவரும் சங்கிலியைப் போல ஒரு கருவிதானே? வாசல் தொழிலின் எல்லைகளை வகுத்தது என்பதுதான் என் வாதம். எல்லைக்குள் என்ன செய்வது என்பதை வாசல் சொல்லவில்லை. பேய்க்குகை என்று ஊரே ஒதுக்கிய இடத்துக்குள் நெருப்புத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு போனது ஒருவரின் துணிச்சல். கோடை முழுவதும் பவளத்துக்குப் போவதைவிட ஊரிலிருந்து தண்டு வலிப்பது மேல் என்று தேர்ந்தது பல குடும்பங்களின் கணக்கு. படகுகளை முறைபோட்டு விட்டது, கூலியை நிலைப்படுத்தியது, கப்பல் முதலாளிகளும் விசைப்படகுக்காரர்களும் பயணிகளைக் கொண்டுவந்தாலும் கடைசி மீட்டர்களைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டது எல்லாம் படகுக்காரர்கள் கூடிச் சாதித்தவை. உலகின் வேறு எத்தனையோ கரைகளில் இதே போன்ற குறுகிய குகைகள் உண்டு. அவற்றின் வாசலில் யாரும் சங்கிலியோடு காத்திருக்கவில்லை.

அந்த எல்லையும் நகர்ந்துகொண்டிருக்கிறது. இப்போது கடலே மேலே வருகிறது. ஒரு மீட்டர் வாசலில் சில சென்டிமீட்டர் குறைந்தாலும் நுழையக்கூடிய அலையின் அளவு குறையும், ஆண்டில் திறந்திருக்கும் நாட்களும் அத்தோடு குறையும், அந்த நாட்களின் கூலி ஏறும், வரிசையும் நீளும். அதற்கும் பேராசையைக் காரணம் சொல்கிறவர்கள் இருப்பார்கள்.